கல்யாணப் பத்திரிகை: டிசைன் முதலா, பட்டியல் முதலா?

தூறல்

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கல்யாணம், இன்னும் 20 வாரம் இருக்கிறது. மண்டபம் உறுதியாகிவிட்டது. பத்திரிகை வேலையைத் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது, ஆனால் எதுவும் முடிவாகவில்லை. வருங்காலக் கணவருக்குச் சதுர அட்டை, தங்க ஃபாயில், கவரின் மேல் மெழுகு முத்திரை வேண்டும். எனக்கு அடர்பச்சைக் கவர் மேல் ஆசை. அம்மா "எழுத்து பெரிதாக இருந்தால் போதும்" என்கிறார். நண்பர்கள் போனில் அனுப்பிவிடு என்கிறார்கள். அழைக்கப்போவது சுமார் 400 பேரை.

எதை முதலில் முடிப்பது என்று சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். அப்பா மூன்று வருடம் முன்பு தவறிவிட்டார். அவர் பெயர் பத்திரிகையில் இருந்தே ஆக வேண்டும் எனக்கு. எப்படிப் போடுவது என்றுதான் தெரியவில்லை.

வெண்மேகம்

வாழ்த்துகள் தூறல். 400 பேர் என்றால் 400 பத்திரிகை இல்லை, முதலில் அதைப் பிரித்துப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். நான் தலையை எண்ணி 350 அடித்தேன், 120 மிஞ்சிப்போனது. ஆனால் கவர் போதவில்லை! முகவரி எழுதும்போது தவறியது, மை பரவியது, பசை ஒட்டிக்கொண்டது என்று ஏகப்பட்ட கவர் வீண். அட்டை பத்து சதவீதம் கூடுதலாகவும் கவர் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் வாங்கிவிடுங்கள்.

பட்டியலை எக்செலில் போடுங்கள். வீட்டுக்கு ஒரு வரி. கவரில் எழுத வேண்டிய பெயர், முழு முகவரி, போன், அந்த வீட்டில் எத்தனை பேர், நேரில் கொடுப்பதா தபாலா, கொடுத்தாயிற்றா, வருகிறார்களா. கடைசியில் "என்ன பரிசு" என்று ஒரு பத்தி காலியாக விட்டு வையுங்கள். நன்றி அட்டை எழுதும்போது அது எவ்வளவு உதவும் என்று அப்போது தெரியும்.

பழைய கம்பாசிட்டர்

தூறல் அம்மா, நான் அச்சகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். நேராகவே சொல்லிவிடுகிறேன். முதலில் பட்டியல், அடுத்து மேட்டர், அதாவது அச்சில் வர வேண்டிய வாசகம், அப்புறம்தான் டிசைன். முக்கால்வாசிப் பேர் தலைகீழாக வருகிறார்கள்.

எப்படி நடக்கும் தெரியுமா? மாதிரிப் புத்தகத்தில் ஒரு அட்டை பிடித்துப்போகும். அதில் இரண்டு பெயர், ஒரு தேதி, ஓர் இடம், மொத்தம் முப்பது சொல் இருக்கும், சுற்றிலும் வெள்ளை இடம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் மேட்டர் எழுதினால் நூற்றிருபது சொல் வரும். இரண்டு வீட்டுப் பெரியவர்கள் பெயர், முகூர்த்த நேரம், வரவேற்பு நேரம், மண்டபம், வழி, போன் எண். எல்லாவற்றையும் அதே அட்டையில் அடைக்க எழுத்தை 7 பாயிண்டுக்குக் குறைப்போம். அந்த அட்டையை விரும்பியதே அதன் வெள்ளை இடத்துக்காக. அதுவே போய்விடும். உங்கள் அம்மாவால் படிக்கவும் முடியாது.

அதனால் மேட்டரை இப்போதே ஒரு தாளில் எழுதுங்கள். எழுதியதைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கும் அளவில் அச்செடுத்துப் பாருங்கள். தமிழில் மேட்டர் எழுத்து 11 பாயிண்டுக்குக் கீழே இறங்க வேண்டாம். நம் எழுத்தில் சுழி அதிகம். ண, ணை, ஞ, இ எல்லாம் சின்ன அளவில் உள்ளே அடைத்துக்கொள்ளும். சொற்களும் நீளம், வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும். அந்த அச்சைப் பார்த்தால் என்ன அளவு அட்டை வேண்டும் என்று தானாகத் தெரிந்துவிடும்.

ஃபாயில் பற்றி: எழுத்து வடிவம் செதுக்கிய உலோக அச்சை, அதாவது டையைச் சூடாக்கி, இடையில் ஃபாயிலை வைத்து அட்டையில் அழுத்துவதுதான் வேலை. பெரிய எழுத்துக்கு அருமையாக இருக்கும். மெல்லிய கோடு விட்டுவிட்டு விழும், சுழி நிரம்பிவிடும். சொரசொரப்பான அட்டையில் பள்ளமான இடங்களில் பிடிக்காது. அதோடு தங்கம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், வயதானவர்கள் அட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் படிக்க வேண்டும். எனவே உங்கள் இருவர் பெயருக்கு மட்டும் ஃபாயில் போடுங்கள், மற்றதெல்லாம் அடர்ந்த மையில் இருக்கட்டும். அவர் ஆசையும் நிறைவேறும், அம்மா ஆசையும் நிறைவேறும்.

அப்பா பெயர் பற்றி யோசித்துவிட்டு எழுதுகிறேன். அவசரத்தில் சொல்லக்கூடியது இல்லை அது.

புல்வெளி

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. காகிதமே எதற்கு? மூன்று மாதத்தில் குப்பைக்குப் போகும் ஒன்றுக்காக இவ்வளவு மரம், மை, பிளாஸ்டிக் லேமினேஷன். நாங்கள் போனில் மட்டும் அனுப்பினோம். மண்டபம் மாறியபோது ஒரே நாளில் எல்லோருக்கும் தெரிவிக்க முடிந்தது. அட்டையாக இருந்தால் என்ன செய்திருப்போம்?

நீலாம்பல்

புல்வெளி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் அனுபவம் வேறு. நாங்களும் போனில்தான் அனுப்பினோம், நிறைய பேர் படத்தைப் பார்த்து இதயம் போட்டார்கள், பிறகு தேதியை மறந்துவிட்டார்கள். நூறு செய்திக்குக் கீழே போய்விடுகிறது அது. என் பெரியம்மா மட்டும் அச்செடுத்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கி, அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்தார். கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்தவரும் அவர்தான்.

வெண்மேகம்

இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே. பட்டியலிலேயே பிரித்துவிட்டால் வேலை சுலபம். அட்டை வேண்டியவர்கள், போன் போதுமானவர்கள், இரண்டும் வேண்டியவர்கள். அட்டை பாதியாகக் குறையும். அந்தப் பாதிக்கு நல்ல தாள் வாங்கலாம்.

புல்வெளி, லேமினேஷன் பற்றி நீங்கள் சொன்னது சரி. பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அட்டை மறுசுழற்சிக்குத் தொந்தரவு. லேமினேஷன் இல்லாத பருத்தித் தாளோ மறுசுழற்சித் தாளோ எடுத்தால் அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

புல்வெளி

லேமினேஷன் இல்லை, எண்ணிக்கையும் பாதி என்றால் எனக்குச் சம்மதம்தான்.

தூறல்

பட்டியல் போட்டுவிட்டேன்! 400 பேர் என்று பயந்தது 165 வீடுதான். அதில் 60 வீட்டுக்குப் போன் போதும் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். ஆக 105 அட்டை, கூடுதல் சேர்த்து 120. இவ்வளவு குறையும் என்று நினைக்கவே இல்லை.

120க்கு ஆஃப்செட்டா டிஜிட்டலா? கடையில் இரண்டும் சொல்கிறார்கள், குழப்பமாக இருக்கிறது. 22 வீடு வெளிநாட்டில் இருக்கிறது, தபாலில் போக வேண்டும். சதுர அட்டை அதற்குச் சரிப்படுமா?

தொலைதூரன்

தபால் பகுதிக்கு நான் சொல்கிறேன், 14 வருடமாக வெளிநாட்டில் இருந்து வாங்கியும் அனுப்பியும் பழக்கம்.

அட்டையைத் தேர்ந்தெடுக்கும்போதே எடையைக் கணக்குப் போட்டுவிடலாம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது. ஏ0 தாள் சரியாக ஒரு சதுர மீட்டர் பரப்பு, ஏ5 அதில் 32இல் ஒரு பங்கு, ஏ6 64இல் ஒரு பங்கு. 300 ஜிஎஸ்எம் ஏ5 அட்டை 9.4 கிராம் வரும். உள்ளே 300 ஜிஎஸ்எம்மில் இரண்டு ஏ6 துண்டு, வழிப்படமும் பதில் அட்டையும் (வருகிறோமா என்று விருந்தினர் எழுதி அனுப்புவது) என்று வைத்தால் இன்னும் 9.4. 120 ஜிஎஸ்எம்மில் சி5 கவர் (ஏ5 அட்டை நுழையும் அளவு) 10 கிராம் சுற்றி. மெழுகு முத்திரையும் சேர்த்தால் 30 கிராமைத் தொட்டுவிடும். எடைப்படி கட்டணம் ஏறும் இடங்களில் ஒன்றிரண்டு கிராம் கூடினாலே அடுத்த கட்டணம்.

சதுரம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கடிதங்களைப் பிரிக்கும் இயந்திரங்கள் நீள்சதுரக் கவருக்கென்றே அமைந்தவை. சதுரம், புடைத்த முத்திரை, வளையாத தடிமன் எல்லாவற்றையும் கையால் பிரிக்க வேண்டிவரும். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கும் நாடுகள் உண்டு. மெழுகு முத்திரை உருளைகளுக்கு நடுவில் உடைந்து தூளாகப் போய்ச் சேர்வதையும் பார்த்திருக்கிறேன். முத்திரை வேண்டும் என்றால் அந்தக் கவரை இன்னொரு சாதாரணக் கவருக்குள் வையுங்கள், அல்லது வளையும் தன்மையுள்ள மெழுகு வாங்குங்கள்.

மொத்தமாக அச்சடிக்கும் முன் எல்லாவற்றையும் வைத்து ஒரே ஒரு மாதிரிக் கவர் தயார்செய்து தபால் நிலையத்தில் எடை போட்டுக் கேட்டுவிடுங்கள். அதைவிட உறுதியான வழி கிடையாது.

பழைய கம்பாசிட்டர்

தொலைதூரன் கணக்கு சரி. அளவு பற்றிச் சின்னதாக ஒன்று: ஏ6 அட்டைக்கு சி6 கவர், ஏ5க்கு சி5. கவரும் அட்டையும் இப்படிப் பொருந்துகிற அளவாக இருந்தால் கடையில் தயாராகக் கிடைக்கும். விசித்திர அளவு எடுத்தால் கவரைத் தனியாக வெட்டி ஒட்ட வேண்டும், செலவில் பெரிய பங்கு அங்கே போய்விடும்.

120 பிரதிக்கு டிஜிட்டல் போதும், தகடு இல்லாமல் கணினியிலிருந்து நேராக அச்சடிப்பது அது. ஆஃப்செட்டில் தகடு செய்து இயந்திரத்தை ஓட்டத் தொடங்கும் செலவு, நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் ஒன்றுதான். ஆயிரத்துக்கு அது லாபம், நூற்றுக்கு நஷ்டம். இதனால்தான் "இன்னும் இருபது வேண்டும்" என்று பிறகு வருபவர்களுக்கு அதிர்ச்சி ஏற்படுகிறது. ஃபாயில் டைக்கும் இதே கணக்கு. ஆகவே இப்போதே போதுமான அளவு அடித்துவிடுங்கள். நீங்கள் சேர்த்திருக்கும் 15 கையிருப்பு சரியான எண்ணிக்கை.

மடிப்பு அட்டை என்றால் இரண்டு விஷயம் கேளுங்கள். மடிக்கும் இடத்தில் முதலில் க்ரீஸ், அதாவது அழுத்திய கோடு போட்டு மடிப்பார்களா, தாளின் நார் ஓட்டம் மடிப்புக்கு இணையாக இருக்கிறதா. நாருக்குக் குறுக்கே மடித்தால் தடித்த அட்டை வெடித்து மை உதிரும், வெள்ளைக் கோடு தெரியும். அடர்நிறம் பூசிய அட்டையில் இது உடனே கண்ணில் படும்.

தூறல்

ஐயா, அடர்பச்சைக் கவரில் முகவரி எப்படி எழுதுவது? வெள்ளை எழுத்தாக அச்சடிக்கச் சொன்னால் கடைக்காரர் தயங்குகிறார்.

பழைய கம்பாசிட்டர்

தயங்குவது நியாயம்தான் அம்மா. சாதாரண அச்சுப்பொறியில் வெள்ளை மை கிடையாது, வெள்ளை என்றால் தாளின் நிறம்தான். வெள்ளை மை உள்ள இயந்திரம் தனி, அல்லது வலை வழியாக மையைத் தள்ளும் ஸ்க்ரீன் பிரிண்டிங். ஒவ்வொரு முகவரிக்கும் தனி வலை வேண்டும் என்பதால் 105 வெவ்வேறு முகவரிக்கு ஸ்க்ரீன் ஒத்துவராது. வெள்ளை ஜெல் பேனாவால் கையால் எழுதலாம், நன்றாகக் காய விட்டு அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கவரை வெளிர்நிறமாக வைத்து உள் லைனிங்கை மட்டும் பச்சையாகப் போடுங்கள். தபாலில் போகும் 22க்கு நான் வெளிர்நிறத்தைத்தான் சொல்வேன். இருட்டு நிறத்தில் முகவரி படிக்கப்படாமல் திரும்பி வரும் அபாயம் உண்டு.

பச்சை என்று சொன்னீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். திரையில் பார்க்கும் பச்சை வேறு, தாளில் விழும் பச்சை வேறு. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மையைக் கலந்து காட்டுகிறது. திரையில் பளிச்சென்று தெரியும் சில பச்சைகளை அந்த நான்கு மையால் கொண்டுவரவே முடியாது. மேலும் பூச்சு இல்லாத தாள் மையை உறிஞ்சும், நிறம் மங்கும். பான்டோன் எண், அதாவது அச்சு நிறத்துக்கான அடையாள எண் கேட்டால் சி, யு என்று எழுத்து ஒட்டியிருக்கும். சி பூச்சுத் தாளுக்கு, யு பூச்சில்லாத தாளுக்கு. உங்கள் தாளுக்கு உரியதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சரி, அப்பா பெயர்.

பத்திரிகையில் இரண்டு குரல் இருக்கிறது. ஒன்று "அழைக்கிறோம்" என்று சொல்லும் குரல். அது இன்றைக்கு வாசலில் நின்று வரவேற்கப் போகிறவர்களுடையது. இன்னொன்று, மணமக்கள் யார் என்று சொல்லும் குரல்: "இன்னாரின் மகள்". அழைக்கும் இடத்தில் இல்லாதவர் பெயரைப் போட்டால் படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார், சிலர் அம்மாவிடமே விசாரிப்பார்கள். ஆனால் நீங்கள் அவருடைய மகள் என்பது அவர் போனதால் முடிந்துவிடவில்லை. அதனால் அழைப்பவர் அம்மாவாக இருக்கட்டும். உங்கள் பெயருக்கு மேலே "அமரர் இன்னார், திருமதி இன்னார் ஆகியோரின் மகள்" என்று அப்பா பெயரை முதலில் போடுங்கள். மற்றப் பெயர்களின் அதே எழுத்தளவில் போடுங்கள், சிறிதாக்க வேண்டாம். "அமரர்" என்ற சொல் கனமாகத் தோன்றினால் "மறைந்த" என்று எழுதலாம். எதைப் போடுவது என்று அம்மாவிடம் கேளுங்கள், அவர் எதைச் சொல்கிறாரோ அதுவே சரி.

நீலாம்பல்

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் ஐயா. எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் பிரிந்தவர்கள். இருவர் பெயரையும் ஒரே வரியில் போட முடியாமல் சண்டையே வந்தது. கடைசியில் இரண்டு தனி வரியாக, ஒரே அளவில் போட்டோம். "மற்றும்" என்ற ஒரு சொல்லை எடுத்ததும் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

தூறல்

நன்றி ஐயா. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "மறைந்த" வேண்டாம், "அமரர்" என்றே இருக்கட்டும் என்றார்.

இளங்காற்று

க்யூஆர் பற்றி யாரும் சொல்லவில்லை. வழிக்கும் பதில் சொல்லவும் போடுவதாக இருந்தால், 2 செ.மீ.க்குக் குறைக்க வேண்டாம், சுற்றிலும் வெள்ளை விளிம்பு விடுங்கள், ஃபாயிலில் அச்சடிக்க வேண்டாம், மினுங்கினால் போன் படிக்காது. இலவசத் தளங்களில் செய்யும் சில க்யூஆர் அந்தத் தளம் வழியாகச் சுற்றித்தான் போகும். சோதனைக் காலம் முடிந்ததும் செத்துவிடும். என் தோழிக்கு அப்படித்தான், அட்டை கொடுத்த பிறகு எதுவும் திறக்கவில்லை. இணைப்பு நேராகப் போகும் நிலையான க்யூஆராக எடுங்கள். க்யூஆர் இருந்தாலும் மண்டப முகவரியை எழுத்தில் போடாமல் விடாதீர்கள்.

வெண்மேகம்

பதில் அட்டை வைப்பவர்களுக்கு: பின்பக்கம் பென்சிலால் பட்டியலின் வரிசை எண்ணை எழுதிவிடுங்கள். பெயர் எழுதாமல் "நாலு பேர் வருகிறோம்" என்று மட்டும் அனுப்புபவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

தூறல், நாள் கணக்கையும் பின்னாலிருந்து போட்டுப் பாருங்கள். கல்யாணத்துக்கு எட்டு வாரம் முன்பு விருந்தினர் கையில் இருக்க வேண்டும். தபாலுக்கும் நேரில் கொடுக்கவும் ஒரு வாரம், முகவரி எழுத ஒரு வாரம், ஃபாயிலோடு அச்சடிக்க மூன்று வாரம், ப்ரூஃபுக்கு (அச்சுக்கு முன் சரிபார்க்கும் மாதிரிப் பிரதி) ஒரு வாரம். கூட்டினால் 14. நீங்கள் கேள்வி கேட்டபோது 20 இருந்தது, ஆறு வாரத்தில் எல்லாம் முடிவாக வேண்டும். வெளிநாட்டுக் கவர்களை முதலில் அனுப்பிவிடுங்கள்.

தூறல் (நான்கு வாரம் கழித்து)

ப்ரூஃப் வந்துவிட்டது. சதுரத்தை விட்டுவிட்டோம். ஏ5, 300 ஜிஎஸ்எம், பூச்சில்லாத தாள், எங்கள் பெயர் மட்டும் ஃபாயில். முத்திரை நேரில் கொடுக்கும் கவர்களுக்கு மட்டும். வெளிர்நிறக் கவர், உள்ளே பச்சை.

ஆனால் பிடிஎஃபில் ஒரு சிக்கல். சில இடங்களில் கொம்பு எழுத்துக்கு அடுத்த பக்கம் போயிருக்கிறது, இடையில் புள்ளி போட்ட வட்டமும் தெரிகிறது. நாங்கள் அனுப்பியதில் அப்படி இல்லை.

பழைய கம்பாசிட்டர்

அது தட்டச்சுப் பிழை இல்லை. யூனிகோட் தமிழை அவர்களுடைய மென்பொருள் சரியாகக் கோக்கவில்லை. பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருள் என்றால், அதில் இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரை இயக்கச் சொல்லுங்கள், சரியாகிவிடும். பழைய எழுத்துருவில் மறுபடி தட்டச்சு செய்கிறேன் என்று சொன்னால், அங்கேதான் புதுப் பிழை நுழையும். முதல் எழுத்திலிருந்து மீண்டும் படிக்க வேண்டும்.

ப்ரூஃபை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். திரையில் படிக்காதீர்கள், நிஜ அளவில் தாளில் எடுங்கள். இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், நீங்கள் கேளுங்கள். பெயர்களைக் கடைசியிலிருந்து முன்னோக்கி ஒரு முறை. தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று காலண்டரை எடுத்து வைத்துப் பாருங்கள், மனக்கணக்கு வேண்டாம். நேரத்துக்குப் பக்கத்தில் காலை, மாலை இருக்கிறதா. போன் எண்ணை உங்கள் நினைவிலிருந்து அல்ல, அந்தத் தாளில் இருப்பதைப் பார்த்து அழுத்தி அழையுங்கள். பெரியவர்கள் தங்கள் பெயரை எப்படி எழுதுகிறார்களோ அப்படியே இருக்கட்டும். ஷவா, சவா, ஒற்று உண்டா இல்லையா என்று அவர்களிடமே கேளுங்கள்.

தூறல் (இரண்டு நாள் கழித்து)

ஐயா, கிழமை தவறாக இருந்தது. ஏழு பேர் பார்த்தும் யாரும் கவனிக்கவில்லை. தேதி சரி, கிழமை ஒரு நாள் தள்ளி. காலண்டரை வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. போன் எண் சரி, மாமா எடுத்துப் பேசினார். மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெயரில் "ஷ" வேண்டும் என்று திருத்தினார்கள்.

திருத்திய ப்ரூஃபில் அப்பா பெயரைக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தார் அம்மா. கண்ணாடி போடவில்லை. இன்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். மேசை எண், பெயர் அட்டை, நன்றி அட்டை எல்லாம் இதே தாளில் வேண்டும். இப்போதே சொல்ல வேண்டுமா, பிறகு சொல்லலாமா?

பழைய கம்பாசிட்டர்

இன்றே சொல்லுங்கள் அம்மா. பெரிய தாளில் பத்திரிகை போக ஓரத்தில் இடம் மிஞ்சினால், அதில் மேசை எண்ணும் நன்றி அட்டையும் அடங்கலாம். வெட்டிய பிறகு கேட்டால் புதுத் தாள் எடுக்க வேண்டும், அடுத்த கட்டுத் தாளின் வெண்மை இதே மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது. விருந்தினர் பெயர் அட்டையை மட்டும் வெறுமையாக வெட்டி வாங்கி வையுங்கள். யார் வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு கையால் எழுதிக்கொள்ளலாம்.